வலிக்கலையே என்று விட்டுவிடாதீர்கள்: மார்பக நலனுக்குச் சில குறிப்புகள்

மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று ஒரு பெண் சொன்னால், நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி: “வலிக்குதா?” இல்லை என்றால் அடுத்த பதில் தயாராக இருக்கும்: “அப்ப ஒண்ணும் இருக்காது, விடு.” இந்த இரண்டு வரிப் பேச்சில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, இந்தியாவில் புதிதாக இந்த நோய் கண்ட பெண்கள் சுமார் 1,92,000 பேர். அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். மருந்தும் அறுவை சிகிச்சையும் இங்கே இருக்கின்றன. நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நோய் முற்றிவிட்டிருப்பதுதான் பெரிய இடைஞ்சல்.

வரவே விடாமல் தடுக்க முழுமையான வழி எதுவும் கிடையாது. அதனால் இங்கே தடுப்புக்கான குறிப்புகளைவிட, சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கான குறிப்புகளே அதிகம்.

1. உங்கள் மார்பு இயல்பாக எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே காம்பு உள்வாங்கி இருந்தால் அதுவும் சகஜம். நேற்றுவரை வெளியே இருந்த காம்பு இப்போது உள்ளே இழுத்துக்கொண்டால்தான் கவலை. எது புதிது என்று சொல்ல, எது பழையது என்று தெரிந்திருக்க வேண்டுமே!

2. பார்க்கும் நாள் முக்கியம். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பலருக்கும் மார்பு கனத்து, திரளை திரளையாகத்தான் இருக்கும். அப்போது தொட்டுப் பார்த்துப் பயந்துகொள்ள வேண்டாம். விலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பாருங்கள். விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். பால் கணக்குத் தீர்க்கும் நாள் என்றால் மறக்காது. கர்ப்பப்பை எடுத்தவர்களும் இப்படித் தேதி வைத்துப் பார்க்க வேண்டியவர்கள்தான். “எனக்குத்தான் எல்லாத்தையும் எடுத்தாச்சே” என்று இருந்துவிடாதீர்கள். எடுத்தது கர்ப்பப்பையை, மார்பு இருக்கிறது, பலருக்குச் சினைப்பையும் இருக்கிறது.

3. கையால் தொடுமுன் கண்ணால் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டு ஒரு முறை, இடுப்பில் ஊன்றி அழுத்திக்கொண்டு ஒரு முறை, தலைக்கு மேல் தூக்கி ஒரு முறை. தோலில் எங்காவது குழி விழுகிறதா, சுருக்கி இழுக்கிறதா, காம்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். கை தூக்கும்போதுதான் சில குழிகள் தெரியும். நம் குளியலறைகளில் பெரும்பாலும் முகம் மட்டும் தெரிகிற கண்ணாடிதான். பீரோ கண்ணாடி உள்ள அறையில் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள்.

4. இனி கையால். குளிக்கும்போது சோப்பு நுரையோடு பார்ப்பது சுலபம். மார்பு பெரிதாக உள்ளவர்கள் படுத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது: எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ அந்தத் தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். மற்றக் கையின் நடு மூன்று விரல்களால், நுனியால் குத்தாமல் விரலின் சதைப் பகுதியால், சின்னச் சின்ன வட்டமாக அழுத்தியபடி மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலில் லேசாக, பிறகு சற்று அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும் அளவுக்கு அழுத்திப் பாருங்கள். கழுத்துக்கு அடியில் உள்ள காறை எலும்பிலிருந்து மார்புக்கு அடி மடிப்பு வரை, நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை ஓரிடம் விடாமல் பார்க்க வேண்டும். அக்குளுக்குள்ளும் விரலை விடுங்கள். அக்குளை ஒட்டிய மேல்புறக் கால் பகுதியில்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் அந்த இடத்தைத்தான்.

5. தட்டுப்படுவதெல்லாம் புற்று இல்லை. பத்துக் கட்டிகளில் ஏறக்குறைய ஒன்பது சாதாரணக் கட்டிகள்தான். இருபது வயதுப் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி விரலுக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும். நாற்பதைத் தொட்டவர்களுக்கு நீர்க்கட்டி வரும். கல் மாதிரி கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது சந்தேகத்துக்குரியது என்பார்கள். ஆனால் இந்த விவரத்தை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். மருத்துவர்களே விரலை மட்டும் நம்புவதில்லை.

6. இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நெசவாலைப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் வந்த முடிவில், கற்றவர்களிடமும் கல்லாதவர்களிடமும் சாவுக் கணக்கு ஒன்றாகவே இருந்தது. ஆக, மாதாமாதம் நான்தான் பார்த்துக்கொள்கிறேனே என்று மற்றப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட நியாயமில்லை. மாற்றம் தெரிந்ததும் கிளம்பிப் போவதற்காகத்தான் சுயபரிசோதனை.

7. பயிற்சி பெற்றவர் கையால் பார்த்துக்கொள்வது இதைவிடப் பயன் தரும். மும்பையில் 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முற்றுமுன்பே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், வெறும் கையால்! தமிழ்நாட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். பி.பி., சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, “மார்பையும் பார்த்துவிடுங்கள் சிஸ்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு எல்லா இடத்திலும் தானாக நடந்துவிடாது.

8. ஆண் மருத்துவர் என்ற கூச்சத்தில் திரும்பி வந்துவிடாதீர்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லையென்றால் நர்ஸ் ஒருவரோ உங்கள் வீட்டுப் பெண் ஒருவரோ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். அதில் யாரும் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. முன்பக்கம் பட்டன் வைத்த உடை என்றால் சங்கடம் பாதியாகும்.

9. இனி வலி. இரண்டு மார்பிலும், விலக்குக்கு முன் வந்து பிறகு போய்விடுகிற வலிக்கு ஹார்மோன்தான் காரணம். ஒரே பக்கம், ஒரே இடத்தில் மாதக் கணக்கில் நிற்கும் வலியைக் காட்டுங்கள். வலி இல்லாத கட்டியை அதைவிடச் சீக்கிரம் காட்டுங்கள்.

10. காம்பில் கசிவு இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: அழுத்தாமல் தானாக வருகிறதா, ஒரு பக்கம் மட்டுமா, ரத்தம் கலந்திருக்கிறதா. மூன்றில் எதற்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரிடம் போங்கள். காம்பில் சிரங்கு மாதிரி அரிப்பும் செதிலும் வந்து, களிம்பு போட்டும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் தோல் நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். ‘பேஜெட்’ என்ற ஒருவகைப் புற்று அப்படித்தான் தொடங்கும்.

11. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கட்டி என்றால் “பால் கட்டியிருக்கு” என்று பாட்டி சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் பால் கொடுத்து, ஒத்தடம் கொடுத்து, மருந்தும் சாப்பிட்டு ஒன்றிரண்டு வாரத்தில் கரையாத கட்டியை ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். மார்பு முழுக்கச் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பது சீழ்க்கட்டியாகத் தோன்றலாம். ‘அழற்சி வகை’ மார்பகப் புற்றுநோய்க்கும் இதே தோற்றம்தான். அதில் விரலுக்குத் தட்டுப்படும் கட்டியே இல்லாமலும் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

12. மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே உள்ள எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத அளவிலேயே நோயைக் காட்டும். எந்த வயதில் தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024-இல் சொன்னது 40 முதல் 74 வயது வரை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இந்தியாவில் எல்லாப் பெண்களுக்குமான மேமோகிராம் திட்டம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதிப்பதைத்தான் சொல்கிறது. வசதி உள்ளவர்கள் நாற்பதில் ஒரு மருத்துவரைக் கலந்து தொடங்கலாம். நகை எடுக்க ஒதுக்கும் தொகையில் ஒரு சின்னப் பங்குதான் செலவு.

13. மேமோகிராம் எடுக்கும் நாளில்: விலக்கு முடிந்த வாரமாகப் பார்த்து நாள் வாங்குங்கள், வலி குறையும். அன்று மார்பிலும் அக்குளிலும் பவுடர், சென்ட், டியோடரன்ட் எதுவும் போடாதீர்கள்; அதன் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும். சுடிதார் டாப், புடவை ரவிக்கை என்று மேல் உடையை மட்டும் கழற்றக்கூடிய உடை சௌகரியம். தாலிச் செயினைக் கழற்றச் சொல்வார்கள். மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போகலாம். இரண்டு தட்டுக்கு நடுவில் சில நொடி அழுத்துவார்கள், அவ்வளவே. பழைய படங்கள் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். புதியதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

14. வயது குறைந்தவர்களுக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது. அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். எந்த வயதானாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: படம் நார்மல் என்று வந்தும் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால், விஷயம் முடியவில்லை. கை, படம், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும்வரை விடாதீர்கள்.

15. லேப் பேக்கேஜ்களில் “புற்றுநோய் ரத்தப் பரிசோதனை” என்று ஒரு வரி இருக்கும். அறிகுறி இல்லாதவர்களிடம் ஆரம்ப நிலையைக் கண்டுபிடிக்க அந்த ரத்தப் பரிசோதனை உதவாது. வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபியும் மேமோகிராமுக்கு மாற்று ஆகாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

16. குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அம்மா, அக்கா, சித்தி, அம்மாச்சி பக்கம் எல்லாரும் நினைவுக்கு வருவார்கள். அத்தை, அப்பத்தா பக்கத்தைக் கேட்கவே மாட்டோம். மார்பகப் புற்றுநோய்க்கான பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் அப்படியே வரும். ஐம்பது வயதுக்கு முன் வந்தது, இரண்டு மார்பிலும் வந்தது, சினைப்பைப் புற்றுநோய், ஓர் ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் இவையெல்லாம் தாளில் இருக்க வேண்டும். அம்மாவுக்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பெரியவர்கள் இதை மூடி மறைப்பது உண்டு. மறைத்த விவரம் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு எட்டாமலே போய்விடும்.

அதே சமயம், “எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல” என்பதும் பாதுகாப்பு இல்லை. மரபுவழி வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்குத்தான்.

17. விலக்கு நின்ற பிறகு எடையைக் கட்டுக்குள் வையுங்கள். சினைப்பை ஓய்ந்த பின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உற்பத்தியாகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். பல மார்பகப் புற்றுகளுக்கு அதுவே தீனி. இதற்காகத் தனி டயட் வேண்டாம். மீந்த சோற்றை வீணாகிறதே என்று கடைசியாகச் சாப்பிடும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

18. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். வீட்டு வேலையே போதும் என்பவர்களுக்கு: மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அந்த அளவு வேலை என்றால் கணக்கில் சேரும். அடுப்படியில் நிற்பது சேராது.

19. பால் கொடுப்பது குழந்தைக்கு மட்டும் நல்லதில்லை. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான கணக்கில், தாய் மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் குறைந்தது. குறைகிறது என்பதுதான் கணக்கு. மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களுக்கும் வருகிறது. பிள்ளை இல்லாத பெண்ணையும், பால் சுரக்காத தாயையும் இதைச் சொல்லிக் குத்துவதற்கு அல்ல இந்தக் குறிப்பு.

20. மது: கொஞ்சம் குடித்தாலும் வாய்ப்பு கூடும். இதில் ‘அளவோடு’ என்பதெல்லாம் இல்லை.

21. விலக்கு நிற்கும் காலத்து உடல் சூட்டுக்கும் படபடப்புக்கும் ஹார்மோன் மாத்திரை தருவதுண்டு. தேவைப்பட்டவர்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் கடையில் தொடர்ந்து வாங்காதீர்கள்.

22. பிரா இறுக்கம், கறுப்பு பிரா, டியோடரன்ட், ரவிக்கைக்குள் செல்போன், எப்போதோ பட்ட அடி: இவற்றால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது, ஏற்கனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படும். பழி அடியின் மேல் விழும். (ரவிக்கையில் போனைச் செருகாமல் இருப்பது வேறு பல காரணங்களுக்கு நல்லது.)

23. முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டு தவறாமல் வரும். மனிதர்களிடம் அப்படி நிரூபணம் ஆனதில்லை. பழம் பிடித்தால் சாப்பிடுங்கள். கஷாயம் குடித்துக்கொண்டு ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

24. “ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்” என்பதுதான் நம் ஊரில் பலரைத் தாமதிக்க வைக்கும் பேச்சு. பயாப்ஸி செய்வதால் நோய் பரவிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. முற்றிய நிலையில் அறுவை செய்து, பிறகு இறந்துபோன யாரோ ஒருவரைப் பார்த்துக் கத்தியின் மேல் பழி போடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் அரிசி அளவு சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம்.

நான் இதில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: “சின்னக் கட்டிதான், எடுத்து எறிந்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், ஊசிப் பரிசோதனைக்கு முன் அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கனவே எடுத்துவிட்டார்கள் என்றால், எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போனதா என்று கேட்டு அறிக்கையை வாங்குங்கள். புற்று என்று வந்தால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று முடிவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்து என்பது அந்த மூன்றைப் பொறுத்தது. மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுக்கட்டியும் உங்களுடையதே. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

25. நாட்களை எண்ணுங்கள். முதன்முதலாக மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவாகிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. தீபாவளி, மகள் பிரசவம், பையன் பரீட்சை என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். காலண்டரில் 60-ஆவது நாளைச் சுழித்து வையுங்கள்.

26. பணத்துக்குப் பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய் அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அதில் வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தவிர, காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பலருக்குத் தெரியும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கையோடு தொடங்கியது அது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

27. வீட்டில் இருக்கும் வயதான பெண்களை நினைவில் வையுங்கள். வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் எழுபது வயதில் யாரும் அவர்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதில்லை, அவர்களும் சொல்வதில்லை. புண்ணாகி, புடவையில் கறை பட்ட பிறகே மருமகளுக்குத் தெரிகிற வீடுகள் உண்டு. “உங்களுக்கு மார்புல கட்டி, கசிவு ஏதாவது இருக்கா?” என்று கேட்டால், “இந்த வயசுல எனக்கென்ன” என்று மழுப்புவார்கள். எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில், நகம் வெட்டிவிடும் சாக்கில் கேளுங்கள். “நானும் செக்கப் போறேன் அத்தை, துணைக்கு வாங்க” என்றால் சிலர் கிளம்பிவிடுவார்கள். மருத்துவர் பார்த்த பிறகு, அவர் சொன்னதை மகனோடு மட்டும் பேசிக்கொள்ளாமல் அந்தப் பெரியவரிடமே சொல்லுங்கள். சிகிச்சை அவர் உடம்புக்கு.

28. கடைசியாக, ஆண்களுக்கு. மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவாக, ஆண்களுக்கு வருகிறது. காம்புக்கு அடியில் வலியில்லாத கெட்டிக் கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, கசிவு: அடையாளங்கள் அதேதான். ஆணுக்கு எப்படி என்று சிரித்துத் தள்ளுவதால் அவர்கள் இன்னும் தாமதமாகப் போகிறார்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இது வந்தால், அவருடைய சிகிச்சையோடு சேர்த்து மரபணுப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருப்பது உறுதியானால் மகளுக்கும் தங்கைக்கும் பரிசோதனை அட்டவணையே மாறும். மேமோகிராமுக்கு முன்பே, இருபதுகளின் பாதியிலேயே, எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு தொடங்கச் சொல்வார்கள்.